வெற்றுப் பெட்டியின் எடை

காலமைத் துண்டில் ஒரு கழிவு,
பின்னேரத் துண்டில் வேறொன்று.
இரண்டையும் மேசையில் வைத்தாள் ஜசிந்தா.
பாலையூற்றிலிருந்து சைக்கிள் உழக்கி வந்த வியர்வை
தாளில் ஒரு சொட்டு.
"அதே பெட்டி, அதே தராசு, அதே சூடை.
பின்னேரம் மட்டும் அறுநூறு கிராம்
எங்கை போகுது பிள்ளை?"

கூட்டுறவுச் சங்கத்தின் பின்னறை.
யன்னலுக்கு வெளியே புள்ளிமான் ஒன்று
பழக்கடை எறிந்த பப்பாசித் தோலை
அவசரமில்லாமல் மெல்லுகிறது.

தேடினேன்.
காலைக் கோப்பில் பெட்டிக்கு 2.4.
ஹஸ்னா எழுதிய பின்னேரக் கோப்பில் 3.
மாத அறிக்கையில் 2.5;
அதை எழுதியவன் கட்டாருக்குப் போய்விட்டான்
எண்ணை மட்டும் எங்களிடம் விட்டு.

எவரும் களவெடுக்கவில்லை.
அவரவர் ஞாபகத்தில் இருந்ததை
அவரவர் வரியில் குத்திவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறோம்.

"எல்லா மூன்றையும் 2.4 ஆக்குவம்"
என்றாள் ஹஸ்னா, கிண்ணியா பஸ்ஸை நினைத்துக்கொண்டு.
நூற்றுநாற்பது மூன்றுகள் கிடைத்தன.
செய்தி போகாவிட்டால் மூன்று தரம் அனுப்பு என்கிற மூன்று.
தரகு நூற்றுக்கு மூன்று.
இறங்குதுறை மூன்று.
ஒரே முகம், ஒரே உயரம்,
ஆளுக்கு ஆள் உறவே இல்லை.
ஒரே அடியில் மாற்றியிருந்தால்
இரண்டு துறையும் கொஞ்சம் பலகையும்தான்
எங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

ஆகவே பெயர் வைத்தோம்.
பெட்டி வெற்றெடை. தரகு வீதம். மறுமுயற்சி.
பெயர் இருந்தால் கூப்பிடலாம்.
கூப்பிட முடிந்தால் ஏசவும் முடியும்.

எங்கே வைப்பது?
கணக்குக் கோப்பில் வைத்தோம்.
துண்டு கணக்கைக் கேட்டது,
கணக்கு துண்டைக் கேட்டது:
மீன்சந்தை ஒழுங்கையில்
எதிரும் புதிருமாய் இரண்டு ஓட்டோ,
"நீ பின்னுக்கு எடு", "நீ எடு".
ஒன்றும் ஓடவில்லை.

பிறகுதான் தனிக் கோப்பொன்று.
அது யாரிடமும் எதுவும் கேளாது.
எல்லாரும் அதனிடம் கேட்கலாம்.
மாறிலிகள் என்று தலைப்பிட்டோம்,
பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்துக்குப் பிறகு
அந்தச் சொல்லை நான் தொட்டது அன்றுதான்.

புதன்கிழமை பார்த்தால்
ஐஸ் விலை, நத்தார் விடுமுறை,
தலைவரின் தொலைபேசி எண்
எல்லாம் அங்கே ஏறிக் குந்தியிருந்தன.
துண்டுக்கு மட்டும் வேண்டியதைத் துண்டுக்கே அனுப்பினோம்.
தலைவரை எங்கும் அனுப்ப முடியவில்லை.

அப்போது ஹஸ்னா கேட்டாள்:
"அந்த 2.4 ஆர் சொன்னது?"

ஒருவருக்கும் தெரியாது.

விடியப்புறம் துறைக்குப் போய்
வெற்றுப் பெட்டியைத் தராசில் ஏற்றினோம்.
காய்ந்தது, 2.4.
ஐஸ் தண்ணி வடியாமல், அடியில் செதிலோடு, 2.65.
"மாரிக்கு இன்னும் ஏறும்" என்றார் தராசுக்காரச் செபமாலை,
மாறிலி என்ற சொல் அவருக்குத் தெரியாது.
எனக்கும் அந்த நிமிடம்
அவ்வளவாகத் தெரியவில்லை.

2.4 என்றே எழுதினோம்.
பக்கத்தில் ஒரு வரி:
காய்ந்த பெட்டி. நிறுத்தது செபமாலை. திகதி.
நனைந்தால் நட்டம் சங்கத்துக்கு, வள்ளத்துக்கல்ல.
அந்தக் கடைசி வசனத்துக்காக
சங்கக் கூட்டம் இரண்டு மணித்தியாலம் நீண்டது.

புதுத் துண்டை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள் ஜசிந்தா.
"சரி."
எழும்பவில்லை.
"போன மாரியிலிருந்து போனதெல்லாம்?"

கோப்புகளில் அதற்குப் பெயரில்லை.
அவள் பையைத் திறந்தாள்,
ரப்பர் பட்டி போட்ட பழைய துண்டுகள்,
மேலே பென்சிலில் 311.
எண்ணித்தான் கொண்டுவந்திருந்தாள்.