டிரம்முக்குப் போகாத தண்ணீர்

சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில்
கை கழுவிய தண்ணீரையும் கொட்ட விடமாட்டார்கள்.
டிரம்மில் சேரும். வருஷக் கடைசியில்
அடிச்சேற்றை உருக்கி
முதலாளி வெள்ளி எடுப்பார்.

ஞாயிறு.
பால்குக்கரில் கிளிசரின் கட்டி உருகுகிறது.
கொதித்தால் மங்கிவிடும்; போன வாரம் அப்படித்தான்.
இட்லித் தட்டின் ஓட்டைகளுக்கு டேப் ஒட்டி
ஊற்றினேன்.
ஸ்பிரிட் தெளித்ததும்
குமிழிகள் சத்தமில்லாமல் செத்தன.

ஆறிய சோப்பை ஜன்னலுக்கு நேரே
கை நீட்டிப் பிடித்தால்
கஞ்சமலை
தலைகீழாக,
கட்டைவிரல் அளவுக்கு.
எதிர்வீட்டுத் தெய்வானை வாங்கிப் பார்த்து
"இட்லியா, சோப்பா?" என்றாள்.

முதல் சோப்பு எனக்கே.
மெருகு ஆசிட்டில் வெடித்த விரல்களில் வழுக்கியது,
எரியவில்லை.
நகக்கண்ணில் தங்கிய ஒரு வாரத்து வெள்ளி
நுரையோடு கழன்று வந்தது.

பக்கெட்டைத் தூக்கி
முழுசாகப் பப்பாளிக்கு ஊற்றினேன்.