கூடுதல் நேரம்

தம்பெரே நகரம், வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ஐஸ் ஹாக்கி, கடைசிப் பதினொரு நிமிடம்.
இருக்கைகளின் இடுக்கில் மண்டியிட்டேன்.
"நகரு இல்மாரி, கோல் மறைக்குது" என்றாள் சானா.

நகர்ந்தேன்.
மோதிரம் கையுறைக்குள் உருண்டு
எந்த விரலில் போய் உட்கார்ந்ததோ.

நாலு வருடமாய் எனக்குப் போட்டி
இருபது ஆண்கள். எல்லோருக்கும் ஹெல்மெட்,
பாதிப் பேருக்கு முன்பல் கிடையாது.
ஆனாலும் தூக்கத்தில்
அவர்கள் பெயரைத்தான் சொல்கிறாள்.

சமநிலை. கூடுதல் நேரம். மறுபடி கேட்டேன்.
திரும்பி என் முகம் பார்த்து
அவள் வாய் திறந்த நொடி
ரப்பர் தட்டு வலைக்குள் பாய்ந்தது.
ஒன்பதாயிரம் பேர் கத்தினார்கள்.

அதில் ஒருவன் நான்.

"என்ன சொன்னே?" என்றேன், தொண்டை கட்டி.
என் கையுறையை உருவி
ஒவ்வொரு விரலாய்த் துழாவிக்கொண்டே சொன்னாள்:
"நடுவரைக் கேள்."