அரைப் புள்ளி

விண்ணப்பங்கள் நாற்பத்தொன்று. பணம் மூன்று பேருக்கு.
ரீகாவில் நவம்பர்; மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
தட்டில் பன்றிக்கறி வைத்த பன். யாரும் தொடவில்லை,
நான்தான் இரண்டு தின்றேன்.

பத்தொன்பதாம் எண்: வெல்கா ஸ்ட்ராவுட்மனே, வரலாற்றுத் துறை.
லியெபாயாவில் ஓர் அடகுக்கடையின் பழைய பேரேடுகள்.
துறைமுகக் கூலி ஒருவனின் கம்பளிக் கோட்டு
ஏப்ரல் வந்தால் கடைக்குள் போகிறது,
அக்டோபர் வந்தால் தோளுக்குத் திரும்புகிறது.
ஆறு வருடம் இப்படி.
முப்பதில் போனது, வரவில்லை.
ஏனென்று அறிய
ஒன்பது மாதச் சம்பளமும் ரயில் கட்டணமும் கேட்டிருந்தாள்.

'சமூகப் பயன்' என்ற கட்டத்தில்
இருநூறு சொல்லுக்கு இடம் உண்டு.
அவள் எழுதியது ஒரே வரி:
குளிர் எந்த மாதம் தொடங்குகிறது என்று தெரியவரும்.

அழகு, என்றார் தலைவர். அழகுக்குப் புள்ளி இல்லை.
பொருளாதாரக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
ஒரே ஒரு கோட்டா?
எல்லோரும் சிரித்தோம்.
எல்லோரும் என்றால் நானும்.

ஐந்துக்கு மூன்றரை போட்டேன்.
நாலு போட்டிருந்தால்
(பிறகு கணக்குப் பார்த்துவிட்டேன்)
அவள்தான் மூன்றாவது.

வென்றவர்களின் தலைப்பு ஒன்றுகூட நினைவில்லை.
அந்த ஆள் செத்தானா, கப்பலேறினானா,
ஐந்து லாட் புரட்ட முடியாமல்
கடை வாசல்வரை வந்து திரும்பினானா?
ட்ராமில், வீட்டுப் படியில், பல் துலக்கும்போது
இதே கேள்வி.

அவளிடமே கேட்டு எழுதலாம்.
ஆனால் விதி இருக்கிறது:
மதிப்பிட்டவர் பெயர்
வெளியே தெரியக் கூடாது.