ஒன்பது பின்

அயோத்தியாப்பட்டணம் தாண்டினால்
ஆத்தூர் ரோட்டில் இடது பக்கம் எங்கள் எடைமேடை.
ஐம்பது டன் தாங்கும்.
தை மாதத்தில், சேகோ ஆலைக்குப் போகிற கிழங்கு லாரிகள்
விடிய விடிய ஏறி இறங்கும்.

இண்டிகேட்டர் பெட்டியில் சிவப்பு எண்கள் பாதி எரியாது,
எட்டும் மூன்றும் ஒன்றாகத் தெரியும்.
மேடைக்கு அடியில் இருப்பவை அறிந்ததை
ஒழுங்காகச் சொல்வது ஒரு கேபிள்தான்.
ஒன்பது பின், இரண்டு பக்கமும் திருகு.
அது நுழைகிற ஓட்டை
பழைய லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது.

பழையது என்றால்,
திறக்கும்போது கீல் முனகும்.
பேட்டரி உப்பி, கழற்றி எறிந்து இரண்டு வருஷம்.
கரண்ட் போனால் அதுவும் போகும்.
'எஸ்' இருந்த இடத்தில் ஒரு ரப்பர் மொட்டு.
மெமரி, செத்துப்போன வேறொன்றின் வயிற்றிலிருந்து
ஷாநவாஸ் பிடுங்கிப் போட்டது.
ஆன் செய்துவிட்டு டீ வாங்கப் போகலாம்,
அங்கேயே குடித்துவிட்டும் வரலாம்.

முதலாளி செங்கோட்டுவேல் புதியது வாங்கிவந்தார்.
ரசீதுப் புத்தகத்தின் தடிமன்.
எட்டு நொடியில் விழித்துக்கொள்கிறது.
பழையதை, உன் பிரவுசருக்கு வயசாச்சு என்று
வாசலிலேயே திருப்பி அனுப்புகிற இ-வே பில் தளம்
இதை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிறது.
குறை சொல்ல மனசு வரவில்லை.
ஆனால் விலாவில் இருப்பவை
அரிசி நீளத்தில் இரண்டு ஓட்டைகள். அவ்வளவுதான்.

கன்வெர்ட்டர் வாங்கினோம், நானூற்றைம்பது ரூபாய்.
மூன்று நாள் ஒழுங்காகப் பேசியது.
நான்காம் நாள் இரவு
சடையனின் லாரி மேடையில் நிற்க,
எடை வரவேண்டிய கட்டம் வெறும் வெள்ளை.
பின்னால் பதினோரு லாரி, பதினோரு ஹாரன்.
"அக்கா, புடுங்கின நேரத்துல இருந்து
பாயின்ட் இறங்கிட்டே இருக்குக்கா" என்றான்.
பீரோவிலிருந்து பழையதை எடுத்தேன்.
அது எழுந்திருக்கும்வரை
அன்றைக்கு யாரும் டீக்குப் போகவில்லை.

ஷாநவாஸ் கடை ஐந்து ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே.
புதியதைக் கவிழ்த்துப் பார்த்தான்.
"மெமரிய போர்டோட பத்தவெச்சுட்டான்.
கீபோர்டுல டீ கொட்டுனா மேல்பாதி மொத்தமும் மாத்தணும்.
ஸ்க்ரூகூட நட்சத்திர மண்டை."
அப்போ பழசே போதுமா என்றேன்.
"அதுல மதர்போர்டு போச்சுன்னா எனக்கே கிடைக்காது.
சும்மா நம்பிட்டு இருக்காத."

இப்போது மேஜையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.
பழையது எடை போடும், புதியது பில் போடும்.
இதில் பார்த்து அதில் அடிப்பது என் வேலை.
கன்வெர்ட்டர் நான்தான்.
ஒரு நாள், விடியற்காலை மூன்றரைக்கு,
12,340 என்று பார்த்து 13,240 என்று அடித்தேன்.
தொள்ளாயிரம் கிலோ கிழங்கு
என் இரண்டு விரல்களுக்கு நடுவில் விளைந்தது.
ஆலைக்காரன் பிடித்துவிட்டான்.
பிடிபடாதவை எத்தனை, தெரியாது.

நேற்று, லாரி இல்லாத இடைவெளியில்,
இரண்டையும் தூக்கிப்போய்
மேடை நடுவில் வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தேன்.
சிவப்பில் பாதிப் பூஜ்யம்.
பத்து கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்கு எதுவுமே எடை இல்லை.
தூரத்தில் ஏற்காட்டு விளக்குகள்
பனிக்குள் இருந்தும் இல்லாமலும்.

அப்போதுதான் ஆத்தூர்ப் பக்கமிருந்து
ஒரு லாரி விளக்கடித்துத் திரும்பியது.
ஓடினேன்.
எதை முதலில் எடுத்தேன்? பழையதை.
பயத்தில் எடுத்ததை முடிவு என்று சொல்லலாமா?

ஷிஃப்ட் முடிகிறபோது
முதலாளிக்கு ஒரு சீட்டு எழுதி வைத்தேன்:
நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர், ஒன்று.
நூற்றிருபது ரூபாய் இருக்கும்.
எதற்கு என்று எழுதவில்லை.