புள்ளி

மெரிங்கப். பெயர்ப்பலகையில் மக்கள்தொகை நூற்றுப் பதினான்கு.
உண்மையில் நூற்றுப் பன்னிரண்டு;
ஷில்லிங் தம்பதியர் பல்லாரட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகு
எண்ணைத் திருத்த யாரும் ஏணி எடுக்கவில்லை.

விம்மெராவின் இந்த மூலைக்கு
ஒன்பது பக்கப் படிவத்தோடு என்னை அனுப்பினார்கள்.
'இதுவரை பயன்படுத்தப்படாத சுற்றுலா வாய்ப்புகள்:
அதிகம், நடுத்தரம், குறைவு. ஒன்றில் டிக் செய்க.'

முதலில் ஏரி.
உப்பு பூத்து, ரோஸ் மில்க் நிறத்தில் கிடந்தது.
பார்க்க ஒருவரும் இல்லை என்ற கவலையின்றி
நாலரை மணிக்கு இன்னும் கொஞ்சம் சிவந்தது.
அதிகம்.

கழிப்பறை உண்டா? இல்லை.
காபி? இல்லை.
செல்போன் சிக்னல்? கோதுமைக் குதிரின் உச்சிக்கு ஏறினால்.

அடுத்து வினிஃப்ரெட் டல்லி,
தபால் நிலையத்தை நடத்தியவள், ஊரின் ஒரே கவிஞர்.
மூன்று ஒல்லி நூல்கள். மறைவு 1961.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் நூலக வேனில்
ஒரு பிரதி மிச்சம் இருந்தது;
கடைசி முத்திரை மார்ச் 1987.
ஈக்களுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு
காருக்குள் வியர்க்க வியர்க்கப் படித்தேன்.

எல்லாமே நன்று என்று சொல்லமாட்டேன்.
போரைப் பற்றியது சுமார்.
மகாராணியின் வருகையைப் பற்றியது அதனினும் சுமார்.
ஆனால் ஒரு பதினாறு வரி:
மூன்றாவது கேட்டைத் தாண்டு,
மாலைக் காற்று எந்தக் கன்னத்தைத் தொடுகிறதோ
அந்தப் பக்கம் திரும்பு,
எறும்புச் சாரி வளையும் இடத்தில்
பேச்சை நிறுத்து என்கிறாள்.
அங்கே என்ன இருக்கிறது என்று
கடைசிவரை சொல்லவில்லை, கள்ளி.

அவள் வீட்டில் கூரை மட்டும் பாக்கி,
லெஸ் போல்னரின் நிலத்தில்.
கீழே செம்மறிகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.
'இங்கே ஒரு பலகை வைக்கலாமா?'
'வையேன். ஆடுகள் படிக்கட்டும்.'
மூன்றாவது கேட் எது என்றதும்
என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு
தாடையால் காட்டினார்.

மல்லீக் காடு.
வந்த புதிதில் அதை மல்லி என்று கேட்டு
மணம் தேடி மூக்கை நீட்டியவள் நான்.
முல்லை இல்லை; பாலை என்றும் சொல்லிவிட முடியாது.
ஒரே அடியிலிருந்து ஆறேழு தண்டு,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணல்.

காற்று இடக் கன்னத்தில்.
எறும்புகள் வளைந்தன.

ஒரு மண்மேடு, என் இடுப்பளவு.
அதன்மேல் சாம்பலும் பழுப்புமாய் ஒரு பறவை
அலகை மண்ணுக்குள் விட்டு எடுத்தது,
காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தில் கைவைத்துப் பார்ப்பதுபோல.
கொஞ்சம் மண்ணைத் தள்ளியது.
மறுபடியும் பார்த்தது.
உள்ளே முட்டைகள்.
குஞ்சு தானே மண்ணைக் கிழித்து மேலே வரும்,
தகப்பன் முகத்தைப் பாராமலே புதருக்குள் ஓடிவிடும்.
அறுபது வருடத்துக்கு முன் அவள் கண்டது
இதே மேடா, வேறொன்றா, தெரியாது.
என் கால் மரத்துப்போனது. அசையவில்லை.

இரவு மோட்டலில் படிவத்தை முடித்தேன்.
ஏரி: அதிகம்.
கவிஞர்: நடுத்தரம்
(மகாராணிக்காக ஒரு படி குறைத்தேன்).
அரிய உயிரினங்கள்:
அந்தக் கட்டத்தில் பேனா நின்றது, பிறகு தாண்டிப் போனது.

வரைபடத்தில் ஒரு புள்ளி கேட்டார்கள்,
'கவிதை பிறந்த இடம்' என்று.
இரண்டு கிலோமீட்டர் தள்ளி,
உப்புக் கரையில், கார் நிறுத்தத் தோதாக வைத்தேன்.
வருகிறவர்கள் அங்கே இறங்கி
செல்ஃபி எடுத்துக்கொள்ளட்டும். ஏரி தாங்கும்.

இணைப்புகளை யாரும் படிப்பதில்லை
என்பார் எங்கள் மேலாளர்.
இணைப்பு ஆறில்
அந்தப் பதினாறு வரிகளையும் தட்டச்சு செய்தேன்,
ஒரு காற்புள்ளி பிசகாமல்.