நாற்பத்தேழு

ரொவனியெமியின் பல் மருத்துவர் பெட்டியைத் திறந்தபோது
இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.
கண்ணாடிபோல் இரண்டு லாடங்கள்,
பக்கத்துக்கு ஒன்றாய்ச் சின்னத் திருகு.
பதினோரு குளிர்காலத்துக்கு மருந்து
உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

"உறங்கும்போது நாக்கு பின்னால் சரிகிறது,
வாசலை அடைத்துக்கொண்டு ஆள் படுத்த மாதிரி.
கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைத்தால்
காற்றுக்கு வழி கிடைக்கும்" என்றார் லெஸ்கினென்.
வாரத்துக்கு ஒரு திருகல். கால் மில்லிமீட்டர்.

முதலில் தந்த இயந்திரத்தைத் தௌனோ திருப்பிக் கொடுத்துவிட்டான்.
மரம் ஏற்றும் லாரியின் பின்கட்டிலில்
முகமூடியும் குழாயுமாய்ப் படுக்க
நான் என்ன முத்துக்குளிப்பவனா என்றான்.
அந்த லாரிதான் போன நவம்பரில்
நேரான சாலையில், பட்டப்பகலில்,
பனிமேட்டுக்குள் மூக்கைப் புதைத்தது.
மான் குறுக்கே வந்ததாம்.
மானின் தடத்தை யாரும் பார்க்கவில்லை.

லாடத்தை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றான்.
"ஹௌகி மீன்!" என்று கத்தினாள் மகள்.
உண்மைதான். ஏரிப்பனியைத் துளைத்து
நாங்கள் இழுக்கும் அந்த மீனுக்கும்
கீழ்த்தாடைதான் முன்னால்.
அவனும் சிரிக்கப் பார்த்தான். எச்சில் வழிந்தது.

காலையில் பல்லோடு பல் சேராது.
ரை ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு
கடி திரும்பி வரும்வரை ஜன்னலைப் பார்ப்பான்.
இதெல்லாம் மருத்துவர் சொல்லித்தான் அனுப்பினார்.

அவர் சொல்லாதது என் பக்கத்து விஷயம்.

குறட்டையோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை.
குறட்டை என்றால் ஆள் இருக்கிறான்.
நடுவில் அது அறுந்துபோகும்.
அப்போது எண்ணத் தொடங்குவேன்.
பன்னிரண்டு.
இருபது.
முழங்கையால் இடிக்கலாமா,
இன்னும் ஒன்று பார்க்கலாமா,
முப்பத்தொன்று.
பிறகு முங்கினவன் மேலே வந்ததுபோல் ஓர் இழுப்பு.
எனக்கும் அப்போதுதான் மூச்சு வரும்.

இப்போது கட்டிலில் நிசப்தம்.
இத்தனை வருடமாய் நிசப்தத்துக்கு
என் காது அறிந்தது ஒரே அர்த்தம்.
அது மாறிவிட்டதென்று காதுக்கு யார் சொல்வது?
இரண்டாவது வாரமும்
அவன் மார்பில் கை வைத்தே கிடந்தேன்.
ஏறியது. இறங்கியது.
ஏரியில் பனி வெடிக்கும் ஓசை
இவ்வளவு தூரம் வருமென்று தெரியாது எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்தவறிச் சொன்னேன்:
அதிகமாய்ப் போனது நாற்பத்தேழு.
"என்ன நாற்பத்தேழு?"
சொன்னேன்.

அடுப்புக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.
மூச்சை முழுக்க வெளியே விட்டு
மூக்கைப் பிடித்துக்கொண்டான்.
முள் நகர்ந்தது. காது சிவந்தது, கழுத்து சிவந்தது.
முப்பத்துமூன்றில்
மூக்கை விட்டு மேசையைப் பிடித்தான்.

வெகுநேரம் கழித்துக் கேட்டான்:
"ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை?"
நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன்,
ஓரம்வரைக்கும், மூலைவரைக்கும்.

மறுநாள் சொதன்கிலாவுக்குச் சுமை.
பையில் முதலில் அந்தப் பெட்டி போனது,
பிறகுதான் கையுறை.

அவன் இல்லாத கட்டிலில், பழக்கதோஷம்,
பன்னிரண்டு வரை எண்ணினேன்.
அப்புறம் பதின்மூன்றா, பதினான்கா,
எதை எண்ணுகிறேன் என்பதே
மறந்துபோயிற்று.