பத்தொன்பது

மகள் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.
மீன் எண்ணெய் மாத்திரை, அறுபது.
ஏற்கெனவே போடுகிற வெள்ளை மாத்திரையோடு
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
முப்பத்தெட்டு வருஷம்
காசிமேட்டில் ஏலம் விட்டவனுக்கு
மீனே மருந்து.
சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.
அதுதான் வியாதி என்றார்கள்.

எனக்கு அது வியாதி என்று தெரியாது.
கடல் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.
முகம் மழிக்கவில்லை.
டீ ஆறி ஏடு கட்டும்வரை
டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"வயசானா அப்படித்தான்" என்றான்
பக்கத்து போர்ஷன் ஏகாம்பரம்.
என்னைவிட மூன்று வயது மூத்தவன்,
கேரம் போர்டில் இன்னும் அழுகுணி ஆடுகிறவன்.

ஸ்டான்லியில் அந்தச் சின்ன டாக்டர் ரிஸ்வானா
ஒன்பது கேள்வி கேட்டாள்.
போன ரெண்டு வாரத்தில் எத்தனை நாள்
எதிலும் மனசு ஒட்டவில்லை?
எத்தனை நாள் தூக்கம் கெட்டது?
ஒன்பதாவது கேள்விக்கு
மகளை வெளியே இருக்கச் சொன்னேன்.
கூட்டிப் பார்த்து, பத்தொன்பது என்று எழுதினாள்.
மீன் எண்ணெயைப் பற்றி மகள்தான் கேட்டாள்.
"சிலருக்குக் கொஞ்சம் கேட்கும், சிலருக்குக் கேட்காது.
அதை நம்பி இதை நிறுத்திடாதீங்க."
விலை ஏற்றிச் சொல்லாத பேச்சு.
பிடித்தது.

பதினேழாம் நாளோ பதினெட்டோ,
ஏப்பத்தில் ஏதோ தெரிந்த வாடை.
ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி
விரலில் தேய்த்து முகர்ந்தேன்.
டப்பாவில் ஆழ்கடல் மீன் என்று போட்டிருந்தான்.
"ஆழ்கடலாவது மண்ணாவது!
கவலை! இது கவலை!"
அடுப்படியில் கரண்டி விழுந்தது.
ஓடி வந்து தோளைப் பிடித்தாள்.
"என்ன கவலைப்பா? சொல்லுப்பா."
"மீனுடி! கவலை மீனு! கூறு போட்டு விக்கிறது!
இதுக்கு எண்ணூத்தி நாப்பதா?
எவன் விலை வெச்சான்?"
பதினோரு மாதத்தில்
என் தொண்டை அன்றுதான் திறந்தது.
அவள் முகம் எப்படி இருந்தது என்று
நான் பார்க்கவில்லை.
எனக்கு அந்த எண்ணூத்தி நாப்பது மேல்தான் கண்.

எண்ணெயா, வெள்ளை மாத்திரையா, கோபமா,
எது வேலை செய்தது?
தெரியும் என்கிறவனிடம்
நான் ஒரு கூடைகூட எடுக்க மாட்டேன்.

மூன்றாம் மாசம் அதே ஒன்பது கேள்வி.
இந்த முறையும் மகள் வெளியே நின்றாள்,
ஆனால் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.
பதினாலு என்றாள் டாக்டர்.
தொகை இறங்கினால் வயிறு எரிந்த ஆள் நான்.
இங்கே இறங்குவதுதான் லாபமாம்.
"பதினாலு... ஒரு தரம்" என்றேன்.
பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.
ரெண்டாம் தரம் சொல்லவில்லை.